கன்னி மூலை நாற்காலி

ஜூன் 3

தேவசேனாபதி வீட்டில் புது ஆம்ப்ளிஃபயரை இறக்கியாயிற்று. நான்கு பேர் தூக்கிவந்தார்கள். பளிங்குத் தரை என்பதால் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றிய பிறகு அவர்களுடைய கால்களைப் பார்த்துவிட்டு, வாசலிலேயே வைத்துவிட்டுப் போகட்டும் என்றார்கள். மீதித் தூரம் நானும் வீட்டு டிரைவரும் தூக்கினோம். என் காலில் சாக்ஸ் இருந்தது. கோயம்புத்தூரில் பணக்கார வீடுகளுக்குப் பாட்டு செட் மாட்டும் கம்பெனியில் மூன்று வருடம் வேலை பார்த்ததில் நான் கற்ற முக்கியமான தொழில்நுட்பம் சாக்ஸ் போட்டுக்கொண்டு போவது.

பல்லடம் சாலையிலிருந்து பிரியும் கிளைச் சாலையில், தென்னந்தோப்புக்கு நடுவில் வீடு. அவருக்கு நூல் மில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் பாட்டுக் கேட்பதற்கென்று மட்டும் தனியாக ஓர் அறை. கதவு என் உள்ளங்கை நீளத்துக்குத் தடிமன். சுவரெல்லாம் துணி போர்த்திய பலகை; ஒரு பக்கம் மட்டும் தடித்த கண்ணாடி ஜன்னல். என் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். ஒரே ஒரு நாற்காலி.

கோளாறு அந்த நாற்காலியில்தான் இருக்கிறது. வீட்டுக்கு உடையவர் கன்னி மூலையில் உட்கார வேண்டும் என்று அஸ்திவாரம் போடும் முன்பே ஈரோட்டு வாஸ்துக்காரர் சொல்லிவிட்டார். தென்மேற்கு மூலையில், முதுகு சுவரில் படுகிற மாதிரி போட்டிருக்கிறார்கள். மற்ற சத்தம் எப்படியோ, கனத்த சத்தம் மூலையில் தேங்கும். மிருதங்கத்தில் தொப்பி என்கிற இடது பக்கம் விழும் அடி அங்கே மட்டும் நிற்காமல் இழுத்துக்கொண்டே இருக்கும்; பாடுகிறவரின் குரலில் பாதியை மூடிவிடும். நாற்காலியை நாலடி முன்னால் இழுத்துப் போட்டால் தீர்ந்தது. அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று முதல் நாளே முதலாளி ரகுநந்தன் சொல்லிவிட்டார்.

இன்று புது ஆம்ப்பில் ஒரு பாடகியின் கச்சேரி ஒலிப்பதிவைப் போட்டோம். தேவசேனாபதி கண்ணை மூடிக் கேட்டார். பிறகு, "நல்லாத்தான் இருக்குது. ஆனா பின்னால என்னமோ திரை போட்டாப்பல இருக்குதே தம்பி. நீங்க சொன்ன அமைதி வரலியே" என்றார்.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் அறையைக் குறை சொல்வோம், பலகை விற்கும். அடுத்தது மின்சாரம், டிரான்ஸ்பார்மர் விற்கும். அதற்கும் அடுத்தது கேபிள். இந்த வீட்டில் மூன்றையும் சொல்லி, மூன்றையும் விற்றாயிற்று. மிச்சம் எதுவும் இல்லை. கதவு திறந்திருந்தது. காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடும் சத்தம் லேசாக வந்தது.

"பக்கத்துல தறி ஓடுதுங்களே சார். அந்த அதிர்வு தரை வழியா வரும். தனியாக் காதுக்குத் தெரியாது. ஆனா அமைதியைக் கெடுத்துடும்" என்றேன்.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அப்படியா என்றார்.

வேறு விசேஷம் இல்லை. வரும் வழியில் பைக் செயினுக்கு எண்ணெய் போட்டேன்.

ஜூன் 4

துணி துவைத்தேன். மழை வந்து மறுபடி நனைத்தது. எடுக்கவில்லை.

ஜூன் 7

ரகுநந்தன் காலையிலேயே கூப்பிட்டார். குரலில் சர்க்கரை. "ஜெபா, அவர்கிட்ட தறியப் பத்தி என்ன சொன்ன? மூணு தடவ போன் பண்ணிட்டார்" என்றார். நான் சொன்னதைச் சொன்னேன். சிரித்தார். இது அவருக்கே தோன்றவில்லையாம். இனி அறைக்குள் அறை கட்டச் சொல்லலாம்; ரப்பர்க் கட்டை மேல் புதுத் தரை, பழைய சுவரைத் தொடாமல் புதுச் சுவர், புதுக் கூரை. இரண்டு மாத வேலை. கொச்சியில் திறக்கப்போகும் ஷோரூமை யார் பார்த்துக்கொள்வது என்று யோசித்துக்கொண்டிருந்ததாகவும், இது முடிந்தால் அது என் பொறுப்பு என்றும் சொன்னார். உடனே போய் அளவெடுத்துவிட்டு வரச் சொன்னார். கிராஃபைப் பார்த்தால் தேவசேனாபதிக்குக் கொஞ்சம் பயம் வரவேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

முதலில் தறிக்குடோனுக்குப் போனேன். சிமெண்ட் ஷீட் கூரை. ஆறு விசைத்தறி. தெய்வாத்தாள், அவள் கணவன் அங்கமுத்து, இரண்டு பேர்தான் ஓட்டுகிறார்கள். இடம் வாடகை, தறி சொந்தம். உள்ளே யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. உதட்டை அசைத்தும் கையைக் காட்டியும் பேசிக்கொள்கிறார்கள். என் கையிலிருந்த சத்தம் அளக்கும் மீட்டரைக் கண்டதும் தெய்வாத்தாள் வெளியே வந்தாள்.

"ஏனுங் தம்பி, ஈ.பி.ல இருந்துங்களா?"

வெளியிலும் தறிக்கு மேலே பேசுகிற குரலிலேயே பேசினாள். பக்கத்து வீட்டில் பாட்டு செட் மாட்டுகிறவன், இங்கே சத்தம் எவ்வளவு என்று பார்க்க வந்தேன் என்றேன்.

"அதுக்கு மிசின் எதுக்குங்? எங்க ஊட்டுக்காரரக் கேளுங்க. பத்து வருசமா நான் கூப்புட்டது ஒண்ணுமே அவருக்குக் கேக்கலீங்."

உள்ளே பாவு நூலை முடிந்துகொண்டிருந்த அங்கமுத்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாங் கேக்குது. பதில் சொல்லாம இருக்கறதுதான்" என்றார்.

அந்த செட் ஓடினால் தங்களுக்கும் கேட்குமா என்று தெய்வாத்தாள் விசாரித்தாள். கேட்காது, வெளியே துளி வராது என்றேன். "அத்தாப்பெரிய செட்டு வெச்சு வெளிய கேக்காமப் பாடுமாக்கும்" என்று சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

குடோனுக்குள் மீட்டர் காட்டிய அளவில் தினமும் நின்றால் காது போகும். மீட்டரோடு வந்த கையேட்டிலேயே அதற்கு அட்டவணை இருக்கிறது. அந்த அட்டவணையை இதுவரை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. தறிச் சத்தத்தில் நிற்கிறவர்களின் காதை அளக்க இந்த ஊரில் மீட்டர் கிடையாது. அந்தச் சத்தம் பளிங்கு வீட்டின் பாட்டு அறைக்குள் போய்விடுமோ என்று அளக்க இருக்கிறது.

பாட்டு அறையில் ஏசியை அணைத்துவிட்டு அளந்தேன். ஏறக்குறைய ஒன்றுமில்லை. கனத்த சத்தத்தின் பக்கம் மட்டும் கிராஃபில் சின்ன மேடு. அது தறியா, கிணற்று மோட்டாரா, சாலையில் போகும் லாரியா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. கிராஃபின் அளவுகோலை நீட்டினால் மேடு மலையாகும். நீட்டி அனுப்பினேன்.

மெஸ்ஸில் எலுமிச்சை சாதம்.

ஜூன் 11

தேவசேனாபதி வீட்டில் நானும் ரகுநந்தனும். காபி வந்தது. அறைக்குள் அறை என்றால் என்ன என்று ரகுநந்தன் படம் போட்டு விளக்கினார். தேவசேனாபதி பொறுமையாகக் கேட்டுவிட்டு முடியாது என்றார். அறையின் உள்கூட்டு அளவு மனையடி சாஸ்திரம் பார்த்து வைத்தது. உள்ளே இன்னொரு சுவர் வந்தால் அளவு சுருங்கும். சுருங்கினால் வருகிற அளவு குடும்பத்துக்கு ஆகாதாம்.

பிறகு சாதாரணமாக ஒன்று சொன்னார். தறிக்குடோன் இருக்கும் இடம் அவிநாசிக்காரர் ஒருவருடையது. ரொம்ப நாளாக விற்கப் பார்க்கிறார். "அத நாமளே வாங்கிட்டா சோலி முடிஞ்சுதுல்ல" என்றார். கொசு வருகிறது, ஜன்னலுக்கு வலை அடித்துவிடலாம் என்று சொல்வதுபோல இருந்தது.

காரில் ரகுநந்தன் ஹாரனை அடித்துக்கொண்டே ஓட்டினார். பெரிய ஆர்டர் போய்விட்டது. சூலூர் தாண்டியதும் தெளிந்துவிட்டார். இடம் காலியாகி அறை அமைதியானால் அந்தப் பெருமை நம்முடையதுதான், ஆயுளுக்கும் நம்மை விடமாட்டார் என்றார். தறி ஓட்டுகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். வாடகைக்குத்தானே இருக்கிறார்கள், வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள் என்றார்.

நானும் வாடகைக்குத்தான் இருக்கிறேன். ரகுநந்தனும் வாடகைக்குத்தான் இருக்கிறார்.

ஜூன் 12

கேஸ் தீர்ந்துவிட்டது. பிரெட்.

ஜூன் 15

மாதாந்திர மின்தடை. அந்தப் பகுதி முழுக்க சாயங்காலம் வரை கரண்ட் இல்லை. ஒரு பலகை லூசாக இருக்கிறது, முடுக்க வேண்டும் என்று சொல்லிப் போனேன். தேவசேனாபதி மில்லில் இருந்தார். ஆறு தறியும் நின்றிருந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் அங்கமுத்து கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார்.

மைக்கை நாற்காலியில் தேவசேனாபதியின் தலை இருக்கும் உயரத்தில் நிறுத்தி அளந்தேன். மேடு அதே இடத்தில், அதே உயரத்தில் இருந்தது. தறி ஓடினாலும் நின்றாலும் மாறவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று தடவை எடுத்தேன்.

ஜெனரேட்டரில் செட்டைப் போட்டு நாற்காலியை நாலடி முன்னால் இழுத்தேன். அதே கச்சேரி. மிருதங்கம் அடித்த இடத்தில் அடித்து, நின்ற இடத்தில் நின்றது. குரல் முழுசாக வந்தது. பாட்டு முடியும் வரை நின்றபடியே கேட்டேன். பிறகு நாற்காலியைத் தரையில் ஒட்டியிருந்த டேப் அடையாளத்துக்கே தள்ளிவிட்டேன்.

ஆபீஸில் ரகுநந்தன் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சத்தத்துக்கும் தறிக்கும் சம்பந்தமே இல்லை என்றேன்.

"யார்கிட்ட சொன்ன?"

"உங்ககிட்டதான்."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு ஊறுகாயைத் தொட்டுக்கொண்டார்.

அங்கே நிற்க வேறு காரணம் இல்லாததால் வெளியே வந்தேன்.

ஜூன் 18

தறிக்குடோன் இடத்தைத் தேவசேனாபதி வாங்கிவிட்டார். மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லியாயிற்று. இன்று கேபிள் மாற்றப் போனபோது தெய்வாத்தாள் கேட்டருகே நின்றிருந்தாள். எனக்காகத்தான் நின்றிருந்தாள் என்பது கிட்டே போன பிறகுதான் புரிந்தது.

வேறு குடோன் பார்த்தார்களாம். தறிக்கான மின் இணைப்போடு காலி இடம் எங்கும் இல்லை. கிடைத்தாலும் பிரயோஜனமில்லை என்கிறாராம் அங்கமுத்து. இவ்வளவு பழைய தறியைக் கழற்றினால் அதன் இரும்புச் சட்டம் விரிசல் விட்டுவிடும், திரும்பப் பூட்ட முடியாது. இங்கே ஓடினால் ஓடும், நகர்த்தினால் பழைய இரும்பு. அவ்வளவுதான் விஷயம். அவள் அழவில்லை. கேட்க வந்தது ஒரே கேள்வி.

"என்ற தறிச் சத்தம் அங்க உள்ளுக்குள்ள கேக்குதுங்களா தம்பி? கேக்குதுன்னா கேக்குதுன்னே சொல்லுங்க. ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

கேட்டுவிட்டு என் உதட்டையே பார்த்தாள்.

"கேக்கலக்கா" என்றேன்.

"அப்ப அத அவருகிட்டச் சொல்லுங்களேன்."

இதில் இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது என்பதுபோல் சொன்னாள். அவளுக்கு இல்லை. பொழுது போவதற்குள் ஒரு வழி தோன்றியது. ரகுநந்தனிடம் சொல்லவில்லை.

ஜூன் 21

தேவசேனாபதியிடம், தறி எந்த அளவுக்குப் பாதிக்கிறது என்று தெரிந்தால்தான் மேற்கொண்டு செட்டிங் வைக்க முடியும், ஒரு சோதனை செய்து பார்க்கலாமா என்று கேட்டேன். உற்சாகமாகிவிட்டார். இப்படிப்பட்ட விளையாட்டு அவருக்குப் பிடிக்கும்.

தெய்வாத்தாளிடம் முன்பே பேசிவைத்திருந்தேன். என் மிஸ்டு கால் வரும்போதெல்லாம் ஓடும் தறியை நிறுத்த வேண்டும், நின்ற தறியை ஓட்ட வேண்டும். போன் மணி அவள் காதில் விழாது. வைப்ரேட்டில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். ஒவ்வொரு தடவை மாற்றியதும் அங்கமுத்து காம்பவுண்டுச் சுவருக்கு மேலே கையை உயர்த்துவார். அது ஜன்னல் வழியாக எனக்குத் தெரியும். நாற்காலியிலிருந்து தெரியாது.

தேவசேனாபதி கண்ணை மூடிக்கொண்டார். கச்சேரியைப் போட்டேன். நான் தோளைத் தொடும்போதெல்லாம் தறி ஓடுகிறதா நிற்கிறதா என்று சொல்ல வேண்டும்.

முதல் இரண்டு தடவை தப்பாகச் சொன்னார். பிறகு ஒன்று சரி. பிறகு மறுபடி தப்பு. ஒரு கட்டத்தில் தறி நின்று ஐந்து நிமிடமாகியிருந்தபோது கையைத் தூக்கி, "இதா, இப்ப ஓடுது. நல்லாவே தெரியுது. கீழ அதிருது பாரு" என்றார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அங்கமுத்து சுவர் மேல் சாய்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

முடித்தேன். அவர் சொன்னதையும் நடந்ததையும் வரிசையாகச் சொன்னேன்.  கோபப்படுவார் என்று நினைத்தேன்.

கோபப்படவில்லை. ஸ்பீக்கரைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"சரி தம்பி. எங்காதுக்குத் தெரியல. ஒத்துக்கறேன். ஆனா அது அங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியுமே? இப்ப ஓடுதா நிக்குதான்னு நெனச்சுட்டே உக்காந்திருந்தா பாட்டு எப்படிக் கேக்கறது?" என்றார். என்னைக் குறை சொல்கிற தொனியே இல்லாமல், "அன்னிக்கு நீ சொல்றதுக்கு முந்தி அப்படி ஒண்ணு இருக்கறதே எனக்குத் தெரியாது. இப்பத் தெரியும். தெரிஞ்சத என்ன பண்ணச் சொல்ற?" என்று கேட்டார்.

நாற்காலியைப் பற்றிச் சொன்னேன். இனி இழக்க ஒன்றுமில்லை என்று தோன்றியது. நாலடி முன்னால் போட்டுப் பாருங்கள் சார், திரை மாதிரி இருப்பது போய்விடும் என்றேன். ரகுநந்தன் இருந்திருந்தால் என்னை அங்கேயே வேலையை விட்டு அனுப்பியிருப்பார்.

"இந்த நாற்காலி இங்க வந்த பொறவுதான் ரெண்டாவது மில்லே வந்துச்சு" என்றார். அவ்வளவுதான். அதட்டவில்லை. டீ கொண்டுவரச் சொன்னார்.

தறி விஷயம் நான் பேச்சுக்குச் சொன்னது என்று சொல்லலாம் என்றிருந்தேன். டீ வந்துவிட்டது.

ஜூன் 22

ஓடும் தறியை நடுவில் நிறுத்தி மறுபடி ஓட்டினால், நிறுத்திய இடத்தில் துணியில் குறுக்கே ஒரு கோடு விழும். எனக்குத் தெரியாது. நேற்று ஆறு தறியிலும் நான் மிஸ்டு கால் கொடுத்த இடத்திலெல்லாம் கோடு. பாவு நூல் கொடுத்துத் துணியாக நெய்து வாங்கும் வியாபாரியின் ஆள் காலையில் வந்து பார்த்துவிட்டு, துணியை எடுக்க முடியாது என்று போய்விட்டானாம். முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"தெரிஞ்சுதானுங் நிறுத்துனேன். சோலி ஆவும்னு நெனச்சேன்" என்றாள் தெய்வாத்தாள். அவர் என்ன சொன்னார் என்று கேட்டாள்.

"தனக்குக் கேக்கலன்னு ஒத்துக்கிட்டாருக்கா."

"அப்பறம்?"

அப்புறம் அவர் சொன்னதை எந்த உதட்டசைவில் சொல்வது என்று தெரியவில்லை. காலி பண்ணத்தான் வேண்டுமாம் என்றேன். அவள் தலையாட்டினாள். சத்தம் கேட்கிறது என்றால் காலி செய், கேட்கவில்லை என்றாலும் காலி செய். இதை ஒரு முட்டாள்கூட அநியாயம் என்பான். ஆனால் எந்த ஆபீஸில் போய் எழுதிக் கொடுப்பது? இடத்தை வாங்கியிருக்கிறார், பத்திரம் இருக்கிறது, ஒரு தப்பும் இல்லை.

ஜூன் 23

சளி. படுத்தே இருந்தேன்.

ஜூன் 27

சோதனையைப் பற்றி தேவசேனாபதியே ரகுநந்தனிடம் சொல்லிவிட்டார். வேலை போகும் என்று நினைத்துத்தான் ஆபீஸ் போனேன். ரகுநந்தன் எழுந்து தோளைத் தட்டினார். "முகத்துக்கு நேராத் தப்புன்னு சொன்னானே, இப்படி ஒருத்தன விட்றாதீங்க" என்றாராம் அவர். இனி அந்த வீட்டுக்கு என்ன வாங்கினாலும் ஜெபசீலன் சொல்வதைத்தான் வாங்குவாராம். மனசாட்சி உள்ள ஆள் விற்றால் பொருள் இன்னும் நன்றாக விற்கும் என்பது ரகுநந்தனுக்கு இப்போதுதான் தெரிந்திருக்கிறது. கொச்சி எனக்கு உறுதி. ஆகஸ்டில் கிளம்ப வேண்டும்.

அம்மாவுக்கு போன் செய்தேன். கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன் என்றாள். கொச்சியில் புழுங்கலரிசி கிடைக்குமா என்று கேட்டாள். பெருசு பெருசாகக் கிடைக்கும் என்றேன்.

ஜூலை 1

தறியை உடைத்துவிட்டார்கள்.

எனக்கு அங்கே வேலை இல்லை. ஆனாலும் போனேன். பழைய இரும்பு வியாபாரி இரண்டு ஆட்களோடும் ஒரு மினி லாரியோடும் வந்திருந்தான். கழற்றக்கூட இல்லை, சம்மட்டியால் அடித்தார்கள். வார்ப்பிரும்பு, நாலு அடியில் உடைந்தது. சாயங்காலம் தான் வருவதற்குள் இந்த அடிக்கிற சத்தமெல்லாம் முடிந்திருக்க வேண்டும் என்று தேவசேனாபதி மில்லிலிருந்து போனில் சொல்லியிருந்தார். டிரைவர் வந்து அவசரப்படுத்திக்கொண்டே இருந்தான்.

அங்கமுத்து சாலைப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். சம்மட்டி விழும்போது திரும்பவில்லை. பெரிய சட்டம் சாய்ந்து தரை அதிர்ந்தபோது மட்டும் திரும்பிப் பார்த்தார்.

தேவசேனாபதி அவர்களுக்கு வேலை கொடுத்திருக்கிறார். இதை ஊரே பாராட்டுகிறது. தெய்வாத்தாளுக்கு மில் ஹாஸ்டல் சமையலறையில், அங்கமுத்துவுக்கு மில் கேட்டில் யூனிபார்ம் போட்டு நிற்கிற வேலை. சொந்தத் தறிக்காரர்கள் இனி மாதச் சம்பளத்துக்கு அவருடைய ஆட்கள்.

"காது கேக்காத ஆளக் கேட்டுல நிறுத்தறாங்க பாருங்க. திருடன் வந்தான்னா அவனேதான் தோளத் தட்டி எழுப்போணும்" என்றாள். சிரிக்கவும் செய்தாள். லாரியில் எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். கிளம்பும்போது என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தியும் எல்லோருக்கும் கேட்டது.

"நீங்க என்ன பண்ணுவீங்க தம்பி. நீங்க நேராத்தான் சொன்னீங்க. எந்தப் பாவி அவரு மண்டைல இந்த நெனப்பப் போட்டானோ."

நான் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வியாபாரி எடைக்கல்லில் ஏமாற்றுகிறானா என்று பார்ப்பதாக அவள் நினைத்திருக்கலாம்.

ஜூலை 2

வேலைக்குப் போனேன்.

ஜூலை 5

சட்டைகளை அயர்ன் செய்தேன். எல்லாவற்றையும். போடாதவற்றையும்.

ஜூலை 9

குடோன் இருந்த இடம் சமமாகிவிட்டது. புல் பதிக்கப் போகிறார்களாம். இன்று கடைசி அளவெடுப்பு. தேவசேனாபதி வருவதற்குள் மைக்கை நிறுத்தி, ஏசியை அணைத்து, மூன்று தடவை எடுத்தேன். மேடு அதே இடத்தில் இருந்தது. தறி ஓடிய நாளின் கிராஃபையும் மின்தடை நாளின் கிராஃபையும் இன்றைய கிராஃபையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். மூன்றும் ஒரே கோடாகத் தெரிந்தன. லேப்டாப்பை மூடினேன்.

அவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் எதையும் மாற்றவில்லை. ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடவில்லை. கச்சேரியைப் போட்டேன். பாதியில் அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். நடிப்பில்லை. மூன்று வருடத்தில் எத்தனையோ பணக்காரர்கள் புதுப்பொருள் வாங்கிய மறுநாள் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். இது அப்படியும் இல்லை. "இப்பத்தான் தம்பி. அந்தத் திரை போச்சு. அந்தம்மா மூச்சு எடுக்கறது தெரியுது" என்றார்.

கிராஃபைக் காட்டவா என்று நான் கேட்கவில்லை. காட்டு என்று அவரும் கேட்கவில்லை.

பிறகு எழுந்தார். "வா, நீயும் உக்காந்து கேளு. உன்னாலதான் இது" என்றார்.

அந்த நாற்காலியில் அவர் மனைவிகூட உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. உட்கார்ந்தேன். முதுகு சுவரில் பட்டது. அவர் கதவைச் சாத்திவிட்டு ஓரமாக நின்றுகொண்டார். பாட்டை முதலிலிருந்து போட்டார்.

நான் அந்த இழுவைக்காகக் காத்திருந்தேன். எந்த இடத்தில் வரும் என்று தெரியும். மிருதங்கம் சேரும் இடத்தில் தொப்பி அடி விழுந்து, நிற்காமல் நீண்டு, குரலின் கீழ்ப்பாதியை மூட வேண்டும். அது மூலையில்தான் தேங்கும். என் தலையும் மூலையில்தான் இருந்தது. மிருதங்கம் சேர்ந்தது. அடி விழுந்தது. தேடினேன். கண்ணை இறுக்கிக்கொண்டு தேடினேன். கிடைக்கவில்லை. அடி விழுந்த இடத்திலேயே நின்றது. குரலுக்குப் பின்னால் எதுவுமே இல்லை. பாடுகிறவர் மூச்சு எடுப்பது தெரிந்தது. எந்த வீட்டிலும் நான் இப்படிக் கேட்டதில்லை.

பாட்டு முடிந்தது. எப்படி என்று கேட்டார்.

"ரொம்ப நல்லா இருக்குங்க சார்" என்றேன்.

வியாபாரத்துக்காகச் சொல்லவில்லை.